தீபாவளிக்குச் சீட்டு கட்றோம், மழைக்கு?

எங்க தெருவுல பலகாரச் சீட்டு புடிக்கிற அக்கா ஒருத்தர் இருக்காங்க. மாசம் 500 ரூபா கட்டிட்டே வந்தா தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி எண்ணெய், மைதா, நெய், பட்டாசுன்னு மூட்டையா வீட்டுக்கே வந்துடும். அந்தச் சீட்டுல ஒரு தவணை கூட நான் தவறவிட்டதில்ல. ஆனா பாருங்க, தீபாவளி வர்ற அதே ஐப்பசிலதான் அடைமழையும் வருது, வருஷா வருஷம் வருது, காலண்டர் பாத்து வருது, அதுக்குன்னு யாராவது பத்து பைசா எடுத்து வெக்கிறோமா? மழை வந்தப்புறம் வாட்ஸப்ல புலம்புறோம், பொங்கல் வந்தா மறந்துடறோம்.

நாங்க மடிப்பாக்கத்துல கீழ் வீடு. 2015 டிசம்பர்ல முழங்கால் தண்ணி உள்ள வந்துச்சு. ஃப்ரிட்ஜ் மோட்டர் போச்சு, மெத்தை போச்சு, சம்ப்புக்குள்ள சாக்கடைத் தண்ணி எறங்கிடுச்சு, மாமியாரோட சுகர் மாத்திரை டப்பா மிதந்துட்டு இருந்துச்சு. எல்லாம் வடிஞ்சப்புறம் ஒரு நோட்டு எடுத்து என்னென்ன போச்சு, எதைச் செஞ்சிருந்தா போயிருக்காதுன்னு எழுதினேன். போனது 60 ஆயிரத்துக்கு மேல. தடுத்திருக்கக்கூடிய வேலையெல்லாம் கூட்டினா 12 ஆயிரம் கூட வரல. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் எங்க வீட்டு மழைச் சீட்டு, அதாவது மழைக்குன்னு மாசாமாசம் காசு எடுத்து வெச்சு முன்கூட்டியே வீட்டு வேலைய முடிக்கறது. வெள்ளத்தையே தடுக்கற வித்தை இல்ல இது, ஏரி உடைஞ்சா நாமளும் மொட்டை மாடிலதான் நிக்கணும். நஷ்டத்தைப் பாதியா கொறைக்கற வேலை, அவ்ளோதான்.

மொதல்ல காசு. மழை விட்டதும் டிசம்பர் கடைசில பேங்க்ல 6 மாச ஆர்டி (மாசாமாசம் ஒரே தொகை கட்டற சேமிப்பு) ஒண்ணு போட்டுடுங்க, ஆயிரமோ ஆயிரத்து ஐநூறோ உங்க கைக்கு எட்டினது, ஆன்லைன்லயே போடலாம். ஏன் 6 மாசம்னா ஜூன் கடைசில கைக்கு வரும், அப்ப வெயில் இன்னும் காஞ்சிட்டு இருக்கும், மாடி வேலை பாக்க அதான் நேரம். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாசம் 100 ரூபால ஆரம்பிக்கலாம், ஆனா அது 5 வருஷம், இன்வெர்ட்டர் பேட்டரி மாத்தற மாதிரி பெரிய செலவுக்கு அது சரி, இதுக்கு ஆகாது. தெரிஞ்சவங்ககிட்ட சீட்டு கட்றதும் ஓகேதான், ஆனா மழைக் காசை நான் அதுல வெக்க மாட்டேன், அவசரத்துக்கு நாளைக்கே வேணும்னா "அடுத்த மாசம் தரேன் கண்ணு"ன்னு சொல்லிடுவாங்க.

ஆயிரத்து ஐநூறுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. வீட்டுலயே ஒழுகிட்டு இருக்கு. நெஜமாவே ஒழுகுது. ராத்திரி படுக்கும்போது சொட்டற குழாய்க்கு அடில ஒரு பக்கெட் வெச்சுட்டுப் படுங்க, காலைல பாத்தா தெரியும். அஞ்சு ரூபா வாசர், ஒரு சுத்து டெஃப்லான் டேப், கேட் வால்வ மூடிட்டு நீங்களே பத்து நிமிஷத்துல மாத்தலாம். ஃப்ளஷ் டேங்க் ஒழுகறது கண்ணுக்கே தெரியாது, அதுக்கு ஒரு வழி இருக்கு. துணிக்குப் போடற சொட்டு நீலம் பத்து சொட்டு டேங்க்குக்குள்ள விட்டுட்டு கால் மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க. கோப்பைல நீலம் எறங்கி இருந்தா உள்ள இருக்கற வாசர் போச்சுன்னு அர்த்தம். எங்க வீட்டுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணி வாங்கின காலம் 2019, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சு ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டுவந்தாங்களே அந்த வருஷம், அப்பதான் இந்த நீலம் வைத்தியத்தைப் பண்ணிப் பாத்து தலைல அடிச்சுக்கிட்டேன், லாரிக்குக் குடுத்த காசுல ஒரு பங்கு நேரா சாக்கடைக்குப் போயிட்டு இருந்திருக்கு.

அடுத்தது ஃபேன். இதை மட்டும் கொஞ்சம் கணக்கோட சொல்றேன், ஏன்னா சாதாரண நாள்லயும் காசு மிச்சம், புயல் நாள்லயும் உயிர் குடுக்கற ஒரே சாமான் இதான். பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட் கிட்ட இழுக்கும். பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டர் வெச்ச ஃபேன் 30 வாட்தான். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா அரை யூனிட்டுக்கு மேல மிச்சம், ரெண்டு மாச பில்லுக்கு ஒரு ஃபேனுக்கு 30 யூனிட். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா 101லேர்ந்து 200 வரைக்கும் கெடைக்கற கம்மி ரேட்டும் போயிடும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறதுக்கு மூணு ஃபேன் மாத்தினாலே நெறைய வீட்டுக்குப் போதும். இப்ப இன்வெர்ட்டருக்கு வாங்க. 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரின்னா பேப்பர்ல 1800 வாட் ஹவர், கைக்கு ஒரு 1300 கெடைக்கும்னு வெச்சுக்கங்க. பழைய ஃபேன் மூணு, எல்இடி பல்பு நாலு போட்டா அஞ்சு மணி நேரத்துல "கீங் கீங்"னு கத்த ஆரம்பிச்சுடும். பிஎல்டிசி மூணு போட்டா பத்து மணி நேரம் வரும். அதே பேட்டரிதான். 2023 மிக்ஜாம் புயல் அப்போ ரெண்டு நாளைக்கு மேல கரண்ட் இல்லாம கெடந்தோம், ஒரே ஒரு ஃபேனை ராத்திரி மட்டும் போட்டு ஓட்டினோம், மேல் வீட்டுல மொத ராத்திரியே இன்வெர்ட்டர் படுத்துடுச்சு. மூணையும் ஒரே வருஷத்துல மாத்தணும்னு இல்ல, ஆர்டி காசு கைக்கு வரும்போது வருஷத்துக்கு ஒண்ணா மாத்துங்க, கொறஞ்ச பில்லு காசை அப்படியே அடுத்த ஆர்டில சேத்துடுங்க. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, ஆர்ஓ தண்ணியெல்லாம் வேண்டாம்.

இப்ப மொட்டை மாடி. எல்லாரும் எடுத்த உடனே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வாங்க ஓடறாங்க, நானும் ஓடினேன், ஒருத்தர் வந்து பாசிய கூட சொரண்டாம மேலயே ரெண்டு கோட்டு அடிச்சுட்டு காசு வாங்கிட்டுப் போனார், அடுத்த மே மாசம் அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அதனால பெயிண்ட்டுக்கு முன்னாடி ஒரு சோதனை. சாயங்காலம் மாடில ஒரு பத்து பக்கெட் தண்ணிய நல்லா ஊத்தி விட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சு ஒரு சாக்பீஸோட மேல போங்க. எங்கெங்க தண்ணி தேங்கி நிக்குதோ அதைச் சுத்தி வட்டம் போடுங்க. அந்த எடத்துல வாட்டம் (தண்ணி ஓடற சரிவு) இல்ல, அதான் வியாதி, ஒழுகறது அதோட அறிகுறி. கொத்தனார் வந்தா அந்த வட்டத்தைக் காட்டுங்க, அவர் வாட்டம் எடுத்துப் பூசிக் குடுத்தார்னாலே பாதி ஒழுகல் நின்னுடும். மீதிப் பாதி கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலைல இருக்கும், அங்க மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். அதை மேலாக்க பூசினா நிக்காது, வி மாதிரி வெட்டி தூசு தட்டி கிராக் ஃபில்லர் அடைச்சு அப்புறம் பூசணும். தட்டோடு பதிச்ச பழைய மாடின்னா ஓட்டுக்கு நடுவுல இருக்கற பாயிண்டிங்க (இடுக்கு அடைக்கற பூச்சு) மட்டும் புதுசா பண்ணினாலே போதும், மொத்தத்தையும் பேத்தெடுக்கச் சொன்னா இன்னொருத்தரையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க. பெயிண்ட் கடைசிலதான், கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, கழுவி, ரெண்டு நாள் காயவிட்டு. சுவத்துல ஓதம் ஏறியிருந்தா புட்டி போட்டு மறைக்காதீங்க, தண்ணி வர்ற வழிய அடைக்காம புட்டி போடறது வீண் செலவு, அடுத்த தையில பொரிஞ்சு வரும்.

மாடிலேர்ந்து எறங்கற மழைத்தண்ணி பைப் வாய்ல பந்து மாதிரி ஒரு ஜாலி (சருகு தடுக்கற வலை) சொருகுங்க, நூறு ரூபாகூட ஆகாது, வேப்பஞ்சருகு அடைச்சுதான் பல மாடி குளம் ஆகுது. பைப்போட அடில மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கும், 2003ல எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சொன்னப்போ கட்டினது, அதுக்கப்புறம் யாரும் மூடியத் தொறந்தே பாத்திருக்க மாட்டாங்க. தொறந்து ஜல்லிய வெளிய எடுத்து கழுவிப் போடுங்க. ஆயிரம் சதுர அடி மாடில ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்கு 1400 மில்லிமீட்டர் கிட்ட பெய்யுது, ஒரு லட்சம் லிட்டருக்கு மேல வருது கணக்குல. லாரி எத்தனைன்னு நீங்களே வகுத்துக்கங்க.

சம்ப் வாயை தரையோட தரையா வெச்சிருந்தா உடனே ஒண்ணரை அடியாவது உசத்திக் கட்டுங்க, ரெண்டு வரிசை செங்கல் பத்தாது, எங்களுக்கு 2015ல அதான் கவுத்துச்சு. மூடி நல்லா இறுகற மாதிரி ரப்பர் வளையத்தோட வாங்குங்க. அப்படியும் வெள்ளத் தண்ணி எறங்கிடுச்சுன்னா மருந்து போட்டுச் சமாளிக்கப் பாக்காதீங்க, மொத்தத்தையும் எறச்சு, தேச்சுக் கழுவி, புதுத் தண்ணி விட்டு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஒரு மணி நேரம் விட்டு பொழங்குங்க, குடிக்க அதுக்கப்புறமும் கொதிக்க வெச்சுதான்.

கரண்ட் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணு மெயின் போர்டுல இருக்கான்னு பாருங்க, எம்சிபி (லோடு மீறினா விழற சுவிட்ச்) இருக்கே போதாதான்னா போதாது, எம்சிபி ஒயரைக் காப்பாத்தும், ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பாத்தும். அதுல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கும், மாசப் பொறப்புல ஒரு தடவ அமுக்கிப் பாருங்க, டப்புனு விழணும். விழலைன்னா எலக்ட்ரீசியனக் கூப்பிடுங்க. அவர் வந்த கையோட முட்டிக்குக் கீழ இருக்கற ப்ளக் பாயிண்ட்ட எல்லாம் நாலடி ஒசரத்துக்கு மாத்தச் சொல்லிடுங்க, எங்க வீட்டுல மூணு பாயிண்ட் மாத்தினோம்.

மத்தது சில்லறை வேலை. ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒசரமான ஸ்டாண்டு. பத்திரம், பட்டா, இன்சூரன்ஸ், மார்க்‌ஷீட் எல்லாம் ஜிப் கவர்ல போட்டு பரண் மேல, முடிஞ்சத டிஜிலாக்கர்ல. பிபி, சுகர் மாத்திரை எப்பவும் ரெண்டு வாரம் கூடுதலா கைல இருக்கணும். தென்னை மரம் இருந்தா புரட்டாசிலயே ஆள் விட்டு காஞ்ச மட்டையும் முத்தின காயும் எறக்கிடுங்க.

கையில ரொக்கம் வெச்சுக்கங்கன்னா எம் பையன் சிரிக்கறான், எல்லாம் ஜிபே தானேம்மான்னு. அவனுக்கு வர்தா புயல் ஞாபகம் இல்ல. 2016 டிசம்பர் 12, பணமதிப்பிழப்பு அறிவிச்சு ஒரு மாசம் தான் ஆகியிருந்துச்சு, கைல நோட்டு இல்ல, கரண்ட் இல்ல, கார்டு மெஷின் வேலை செய்யல, பால்காரர்கிட்ட கடன் சொன்னேன். டவர் போச்சுன்னா யூபிஐயும் அப்படித்தான். 3000 ரூபா, நூறும் அம்பதும் பத்துமா, அரிசி டப்பாவுக்குள்ள ஒரு கவர்ல. ஐநூறா வெச்சா தண்ணி கேன்காரர் சில்லறை இல்லன்னு திரும்பிப் போயிடுவார்.

இன்சூரன்ஸும் சீட்டுலயே சேத்துடுங்க. 2021 ஏப்ரல்லேர்ந்து எல்லாக் கம்பெனியும் பாரத் கிருஹ ரக்‌ஷான்னு ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி குடுக்கணும்னு விதி வந்துடுச்சு, வெள்ளம் புயல் எல்லாம் அதுல அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தாலே அதுல 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் வீட்டுச் சாமானுக்கும் தானா வந்துடும். கார் இருந்தா அதோட பாலிசில எஞ்சின் ப்ரொடெக்ட்ங்கற கூடுதல் கவரும் சேத்து எடுங்க, சாதா பாலிசில தண்ணி புகுந்து எஞ்சின் போனா கைய விரிப்பாங்க. தண்ணில நின்ன வண்டிய தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, தள்ளி மேட்டுல நிறுத்திட்டு மெக்கானிக்கக் கூப்பிடுங்க.

புயல்னு நியூஸ் வந்துட்டா அன்னிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் ஜூன்லயே முடிஞ்சிருக்குமே. மேல் டேங்க்க ஃபுல் பண்ணிடுங்க, காலி டேங்க் காத்துக்குப் பறக்கும், தண்ணி இருந்தா நிக்கும். ஃபோன், பவர் பேங்க் சார்ஜ். தண்ணி தெரு தாண்டி படியத் தொட்டா யோசிக்காம மெயின ஆஃப் பண்ணுங்க, காலு நனைஞ்சப்புறம் போர்டுகிட்ட போகாதீங்க. சிலிண்டர ரெகுலேட்டர மூடி ஜன்னல் கம்பியோட கயித்தால கட்டிடுங்க, ஃபுல் சிலிண்டரே தண்ணில மிதக்கும், 2015ல எங்க கிச்சன்ல அது ஆடிட்டு சுவத்துல முட்டினத நான் பாத்திருக்கேன். கக்கூஸ் கோப்பைக்கு மேல ஒரு மண்மூட்டைய வெச்சுடுங்க, சாக்கடை திரும்பி மேல வர்ற வழி அதான். மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, கேஸ் ஒழுகினா 1906. மூணையும் ஃப்ரிட்ஜ் மேல பேனால எழுதி ஒட்டுங்க, ஃபோன்ல மட்டும் வெச்சா ஃபோன் செத்தா அதுவும் செத்துச்சு.

இந்த வருஷ சீட்டுல எனக்கு ரெண்டாவது ஃபேனும், சம்ப்புக்குப் புது மூடியும். பலகாரச் சீட்டு அக்காகிட்ட மழைச் சீட்டும் சேத்துப் புடிங்களேன்னு கேட்டிருக்கேன், "மூடியும் பைப்பும் நான் எங்கடி மொத்தமா வாங்கறது"ன்னு சிரிச்சாங்க, ஆனா விலை விசாரிச்சிட்டு இருக்காங்கன்னு கேள்வி.