எஞ்சினைக் கழுவப் போய் சிலிண்டருக்குள் தண்ணீர் விடாதீர்கள்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், இரும்பில் இரும்பு முட்டின மாதிரி. அதோடு ஸ்டார்ட்டர் நின்றுவிட்டது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டு படகுக்காரர் இன்னொரு பேட்டரி எடுத்துவரக் கிளம்பினார். எனக்கு என்னவோ அது பேட்டரி சத்தமாகப் படவில்லை. எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றினோம். இரண்டாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. குழாய்த் தண்ணீர்.

முந்தைய நாள் மாலைதான் அவர் ஆசையாகப் புதிதாக மாட்டிய நல்ல தண்ணீர் ஃப்ளஷ் அமைப்பை முதல் முறையாகப் போட்டுப் பார்த்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

பாய்மரப் படகில் உள்ளே பொருத்திய எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்குவதற்குக் காரணம் நியாயமானதுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. படகைக் கட்டிவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகாவிட்டால், ஹோஸ், வடிகட்டி, எஞ்சினின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், புகையும் நீரும் கலக்கும் எல்போ எல்லாவற்றிலும் அந்த நீர் தேங்கி நின்று உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் கொஞ்சம் நல்ல தண்ணீரை ஓடவிட்டால் எஞ்சினுக்குள் தேங்குவது நல்ல தண்ணீராக இருக்கும், அவ்வளவுதான் விஷயம். தேவையானது ஒரு டீ ஜாயின்ட், ஒரு வால்வு, கொஞ்சம் ஹோஸ், நான்கைந்து கிளாம்ப். அரை நாள் வேலை. அரை நாள் வேலை என்பதால்தான் பலரும் உட்கார்ந்து யோசிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

குழாயை நேரடியாகச் செருகுவது

மற்ற தவறுகள் செலவு வைக்கும், இது எஞ்சினையே கொல்லும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடல்நீர் போகும் வழியை முதலில் மனதில் ஓட்டிப் பாருங்கள். படகின் அடியில் உள்ள சீகாக் வால்வு வழியாக உள்ளே வருகிறது, வடிகட்டியைத் தாண்டுகிறது, இம்பெல்லர் என்ற ரப்பர் இறகுச் சக்கரம் உள்ள பம்ப் அதை இழுத்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து மிக்ஸிங் எல்போவில் சூடான புகையோடு கலந்து வாட்டர்லிஃப்ட் மஃப்ளருக்குள் விழுகிறது. அந்த மஃப்ளர் உண்மையில் ஒரு தொட்டி, வேறொன்றுமில்லை. எஞ்சின் ஓடும்போது வரும் புகையின் அழுத்தம்தான் அதிலுள்ள தண்ணீரைத் தூக்கி வெளியே எறிகிறது.

இப்போது எஞ்சின் நின்றிருக்கும்போது துறையின் குழாயிலிருந்து வரும் ஹோஸை, சீகாக்குக்கும் பம்புக்கும் நடுவே போட்ட டீயில் மாட்டித் திறந்துவிடுகிறீர்கள் என்று வையுங்கள். குழாயில் 2, 3 பார் அழுத்தம் சாதாரணம். இம்பெல்லரின் இறகுகள் வளையும் ரப்பர்தானே, அந்த அழுத்தத்துக்கு அவை வளைந்து கொடுக்கும், தண்ணீர் ஓரமாக நழுவி அந்தப் பக்கம் போய்விடும். மஃப்ளர் நிரம்பும். தூக்கி எறியப் புகை இல்லை. அங்கிருந்து படகின் பின்புறம் போகும் ஹோஸில் ஒரு உயரமான வளைவு இருக்கும், பல படகுகளில் அந்த வளைவு எல்போவைவிட உயரத்தில் இருக்கும். அப்புறம் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? தாழ்வான பக்கம்தான். எல்போ வழியாக, சிலிண்டர்களின் புகை வந்து சேரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஏறி, எந்த சிலிண்டரின் வால்வு திறந்து நிற்கிறதோ அதற்குள் இறங்கிவிடும். தண்ணீர் அமுங்காது. அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது பிஸ்டன் போய் அதில் முட்டும், ஒன்று எஞ்சின் சுற்றாமல் நிற்கும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளையும்.

'எஞ்சினை ஓடவிட்டுத்தானே தண்ணீரைத் திறக்கிறேன்' என்பவர்களுக்கு: சரி, அது பரவாயில்லை, ஆனால் நிறுத்தும்போது என்ன செய்கிறீர்கள்? நம் ஆள் சறுக்கியது அங்கேதான். முதலில் எஞ்சினை நிறுத்தினார், பிறகு மேலே ஏறி, படகை விட்டு இறங்கி, துறையில் இருந்த குழாயை மூடப் போனார். வழியில் பக்கத்துப் படகுக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஐந்து நிமிடம் போதும்.

துறைக் குழாயை நேரடியாகத்தான் இணைப்பேன் என்றால், எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு தண்ணீர், தண்ணீர் நின்ற உடனே எஞ்சின் நிறுத்தம், இந்த வரிசை மாறவே கூடாது. அதை மூடும் வால்வும் எஞ்சின் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிலர் சீகாக்கைத் திறந்தே வைத்துக்கொண்டு ஃப்ளஷ் செய்கிறார்கள், மிஞ்சிய தண்ணீர் கடலுக்குப் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பம்ப் இழுப்பதைவிட ஹோஸில் வரத்து குறைவாக இருந்தால் மிச்சத்தைக் கடலிலிருந்து இழுத்துக்கொள்ளும், நீங்கள் உப்பும் தண்ணீருமாகக் கலந்து கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது வாளி. சிரிக்காதீர்கள். சீகாக்கை மூடிக்கொண்டு, 20 லிட்டர் வாளியைக் காக்பிட்டில், அதாவது படகோட்ட உட்காரும் பள்ளத்தில், வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து, ஃப்ளஷ் ஹோஸின் நுனியை அதில் போட்டுவிடுங்கள். துறைக் குழாயின் ஹோஸை வாளிக்கு மேலே பிடித்து ஊற்றுங்கள். பம்ப் தனக்கு வேண்டியதை வாளியிலிருந்து இழுத்துக்கொள்ளும், அதிகமானால் வாளி வழிந்து வடிகாலில் போகும், குறைந்தால் கண்ணுக்கே தெரியும். குழாயின் அழுத்தம் எஞ்சினை எட்டவே வழியில்லை. முடிக்கும்போது எஞ்சினை நிறுத்திய கையோடு ஃப்ளஷ் வால்வை மூடிவிடுங்கள், ஏனென்றால் வாளி பம்பைவிட உயரத்தில் இருக்கிறது, தேய்ந்த இம்பெல்லராக இருந்தால் மெதுவாகக் கசிந்து இறங்கும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். பம்ப் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருக்கும், புகை வராது, மஃப்ளர் நிரம்பும். அப்படி நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் சீகாக், ஃப்ளஷ் வால்வு இரண்டையும் மூடிக்கொண்டு சுற்றுங்கள், எஞ்சின் பிடித்த அந்த நொடியே தண்ணீர் வர வேண்டிய வால்வைத் திறந்துவிடுங்கள்.

குடிநீர்த் தொட்டியோடு இணைப்பது

படகிலேயே நல்ல தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பிரஷர் பம்ப் இருக்கிறது, ஒரு ஹோஸ் இழுத்து நிரந்தரமாக இணைத்துவிட்டால் பொத்தானைத் தட்டினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று, மேலே சொன்ன அதே அழுத்தக் கதை, இந்த முறை படகுக்குள்ளேயே இருந்து. வால்வு லேசாகக் கசிந்தாலும் பிரஷர் பம்ப் இராத்திரி முழுக்க விட்டு விட்டு ஓடி மஃப்ளரை நிரப்பிவிடும். இன்னொன்று, நீங்கள் குடிக்கும் தண்ணீரும் கடலும் ஒரே குழாயில் சந்திக்கின்றன. துறைமுகத்து நீரில் என்னென்ன மிதக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். நடுவில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டிருக்கிறேன் என்பார்கள், அதன் ரப்பரில் ஒரு மணல் துகள் மாட்டினால் முடிந்தது. தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை, ஆனால் அதையும் வாளியில் ஊற்றித்தான். நடுவில் காற்று இடைவெளி இருந்தால் மட்டுமே நம்பலாம்.

தோட்டக் கடையின் சாமான்

சீகாக்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே நீங்கள் அறுத்து டீ போடும் ஒவ்வொரு இணைப்பும், சீகாக் திறந்திருக்கும்வரை, படகு மூழ்குவதற்கான ஒரு புது வழி. செடிக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் இணைப்பான் இந்த இடத்துக்கு இல்லை. மஞ்சள் பித்தளையும் கூடாது. பார்க்கப் பளபளவென்று கனமாக இருக்கும், ஆனால் கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிடும், மிஞ்சுவது பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான செம்பு. பழைய படகில் ஏற்கனவே அப்படி ஒரு பாகம் இருந்தால் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள், மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். வெண்கலம், துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை, படகுக்கென்றே செய்த இழை வலுவூட்டிய நைலான், இந்த மூன்றில் ஒன்று போதும்.

ஹோஸும் அப்படித்தான். கம்பிச் சுருள் உள்ள உறிஞ்சு ஹோஸ் வேண்டும். சாதாரண ஹோஸ் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எஞ்சின் அறையின் சூட்டில் இளகி, பம்ப் இழுத்ததும் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். மேலே வாளி நிறையத் தண்ணீர் இருக்கும், கீழே இம்பெல்லர் வறண்டு ஓடும். டீயின் துளையும் இருக்கிற ஹோஸின் உள்விட்டத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு முனையிலும் இடம் இருந்தால் 316 ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டு.

டீயும் தனி வால்வுமா, மூவழி வால்வா என்று கேட்டால் நான் மூவழி பக்கம். டீயில் ஃப்ளஷ் வால்வைத் தெரியாமல் திறந்தே விட்டுவிட்டால், கடலில் போய்க்கொண்டிருக்கும்போது பம்ப் அந்த வழியாகக் காற்றை இழுக்கும், எஞ்சின் சூடேறும், நீங்கள் எங்கெங்கோ தேடுவீர்கள். மூவழியில் கடல் அல்லது வாளி, ஒன்றுதான். ஆனால் மூவழி வால்வு சிலவற்றில் உள்துளை வெளியே தெரிவதைவிடச் சிறியது, வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் ஃப்ளஷ் பக்கத்து முனைக்கு ஒரு மூடி போட்டுவைக்க மறக்காதீர்கள்.

வடிகட்டியின் மூடியைத் திறந்து, சீகாக்கை மூடி, அதற்குள்ளேயே தண்ணீர் ஊற்றினால் எதையும் அறுக்கவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊற்ற ஒருவர், எஞ்சினை நிறுத்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

சீகாக்கை மூடி மறந்துபோவது

ஃப்ளஷுக்காகச் சீகாக்கை மூடினீர்கள். வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு வாரம் கழித்து வந்து நேராகச் சாவியைத் திருப்பினீர்கள். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. வறண்டு ஓடினால் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் இறகு பிய்ந்துபோகலாம். பிய்ந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும், புது இம்பெல்லர் போட்ட பிறகும் எஞ்சின் ஏன் சூடாகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வைப்பது அந்தத் துண்டுகள்தான். பழைய இம்பெல்லரில் எத்தனை இறகு குறைகிறதோ அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். எஞ்சின் சாவியைச் சீகாக்கின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிற பழைய பழக்கத்தைவிட நல்ல உபாயம் இதற்கு இல்லை. சாவி வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும்.

என் எஞ்சினுக்கு ஏற்கனவே நல்ல தண்ணீர்தானே

ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள எஞ்சினை 'நல்ல தண்ணீரில் குளிரும் எஞ்சின்' என்று சொல்லும் வழக்கத்தால் வரும் குழப்பம் இது. எஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட், உண்மைதான். அந்தக் கூலன்ட்டைக் குளிர்விப்பது கடல்நீர்தான். நீங்கள் கழுவப் போவது அந்தக் கடல்நீர்ப் பாதையை. அதில் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறினால் மட்டும் திறக்கும் வால்வு, கிடையாது, அதனால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டாலே உப்பு போய்விடும்.

கடல்நீர் நேரடியாக எஞ்சின் பிளாக்கிலேயே ஓடும் பழைய எஞ்சின்களில் கதை வேறு. யன்மார் நிறுவனத்தின் எஞ்சின்களில் 2ஜிஎம்20 (2GM20) என்றால் நேரடிக் கடல்நீர், கடைசியில் எஃப் சேர்ந்து 2ஜிஎம்20எஃப் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டு, அந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி வகையில் தெர்மோஸ்டாட் கடல்நீர்ப் பாதையிலேயே இருக்கிறது. உப்பு படியக் கூடாது என்பதற்காக அது 60 டிகிரிக்குக் கீழேயே திறக்கும்படி வைத்திருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் கழுவினால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், நல்ல தண்ணீரில் பெரும்பகுதி பிளாக்கைச் சுற்றாமல் குறுக்கு வழியில் வெளியே போய்விடும், உப்பு உள்ளேயே இருக்கும். பயணம் முடிந்து வந்த சூட்டோடு கழுவ வேண்டும், கொஞ்சம் அதிக நேரமும் ஓடவிட வேண்டும். டீசல் எஞ்சினைக் கழுவுவதற்காகவே தனியாக ஸ்டார்ட் செய்து சுமையில்லாமல் ஓடவிடுவதும் நல்லதல்ல, கரி சேரும். கட்டிய கையோடு, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு முடித்துவிடுங்கள். சீகாக்குக்குப் பதில் சேல்டிரைவின் கால், அதாவது எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக இறங்கி ப்ரொப்பெல்லரைச் சுற்றும் பாகம், வழியாகத் தண்ணீர் இழுக்கும் படகானால், மூட வேண்டிய வால்வு அந்தக் காலின் மேல்பகுதியில் இருக்கும்.

தினமும் எஞ்சின் ஓட்டுகிறவர்கள் இதற்கெல்லாம் மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தேங்கி நிற்கும் வாரங்கள்தான் கெடுதல் செய்கின்றன.

இன்னொரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல தண்ணீர் உப்பைக் கரைக்கும், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் பல வருடமாகப் படிந்த சுண்ணாம்புப் படிவத்தைக் கரைக்காது, அதற்கு மென்மையான அமிலக் கரைசல் வேண்டும். எல்போவுக்குள் ஒட்டியிருக்கும் கரியையும் அது தொடாது, அதைக் கழற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மற்ற உலோகம் அரிக்காமல் தான் கரைந்துபோவதற்காக ஹீட் எக்ஸ்சேஞ்சரில் திருகியிருக்கும் துத்தநாகப் பென்சிலையும் வழக்கம்போல எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். நான் பார்த்த ஒரு படகில் ஃப்ளஷ் அமைப்பு புத்தம்புதிதாக மின்னிக்கொண்டிருந்தது, பென்சிலின் பித்தளைத் தலையைக் கழற்றியபோது அதன் நுனியில் துத்தநாகமே இல்லை.