லத்தீனில் 'மிளகு' என்னும் சொல்லுக்கு வேற்றுமை விகுதிகள் சேர்ப்பது எப்படி

லத்தீன் அகராதியில் மிளகைத் தேடினால் 'பிபெர், பிபெரிஸ்' என இரண்டு வடிவங்கள் இருக்கும். அருகில் நடுப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதது, என்ற குறிப்பும் வரும். இம்மூன்றையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று விட்டாலும் பின்னால் தடுமாற்றம்தான்.

முதலில் ஒலி. தமிழில் எழுதும்போது நடுப் பகரம் தானாக மெலியும். அதை வல்லினமாக, ஆனால் இரட்டிக்காமல் சொல்லுங்கள். ஒருமையில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

அடுத்து அடிச்சொல். 'பிபெரிஸ்' என்னும் ஆறாம் வேற்றுமையில் 'இஸ்' விகுதியை நீக்கினால் கிடைப்பது 'பிபெர்'. இங்கே எழுவாயும் அடிச்சொல்லும் ஒன்றே. இதை நம்பி மற்ற சொற்களுக்கும் எழுவாயையே அடியாகக் கொள்ளாதீர்கள்: 'வழி' என்னும் 'இதெர்' ஆறாம் வேற்றுமையில் 'இதினெரிஸ்' ஆகிவிடும்.

இனி விகுதிகள். நான்காம் வேற்றுமை 'பிபெரீ', ஈறு நெடில். நம் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகளின் வேலையைச் செய்வது 'பிபெரெ', ஈறு குறில். 'கும் பிபெரெ' என்றால் மிளகுடன். இரண்டாம் வேற்றுமைக்கு விகுதியே இல்லை, 'பிபெர்'தான். பலரும் சறுக்கும் இடம் இது. 'அரசனை' என்பதற்கு 'ரேகெம்' என்று படித்த பழக்கத்தில் 'பிபெரெம்' என்று எழுதிவிடுவார்கள். நடுப்பாலில் முதல் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் எப்போதும் ஒரே வடிவம்.

பன்மை 'பிபெர', 'பிபெரும்', 'பிபெரிபுஸ்' என்று வரும், ஆனால் அரிது. மணிகளை எண்ண 'க்ரான பிபெரிஸ்', அதாவது மிளகின் மணிகள் என்பார்கள்.

அடைமொழி சேர்த்தால் கவனம் தேவை. கருமிளகு 'பிபெர் நிக்ரும்'. கருமிளகின் 'பிபெரிஸ் நிக்ரீ'. கருமிளகுடன் 'கும் பிபெரெ நிக்ரோ'. பாலும் எண்ணும் வேற்றுமையும் ஒத்துப்போக வேண்டும், விகுதியின் ஓசை ஒத்திருக்க வேண்டியதில்லை. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மிளகுக்கொடிக்கு இட்ட அறிவியல் பெயரும் 'பிபெர் நிக்ரும்' தான்.

சொல்லின் மூலம் நம் பக்கத்தது. 'பிப்பலி' என்னும் இந்திய-ஆரியச் சொல் கிரேக்கத்தில் 'பெபெரி' ஆகி, அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. லகரம் ரகரமானதற்குப் பாரசீகம் வழியாகச் சென்றதே காரணம் என்பது வழக்கமான விளக்கம். பிப்பலி குறித்தது திப்பிலியை. திப்பிலி என்ற பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். ரோமர்கள் இரண்டையும் 'பிபெர்' என்றே அழைத்து, திப்பிலியை 'பிபெர் லோங்கும்', நீள்மிளகு, என்று பிரித்தார்கள். ரோம எழுத்தாளர் பிளினி தரும் விலைப்படி ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு), வெண்மிளகு 7, கருமிளகு 4. ஆகவே பழைய நூலில் அடைமொழியில்லாத 'பிபெர்' வந்தால் உடனே கருமிளகு என்று மொழிபெயர்க்காமல், முன்பின் வரிகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.