கூடைப்பந்து ஆடுபவர்கள் தசை கூட்ட

கூடைப்பந்து ஆடுகிறவர்களில் பலர் ஜிம்முக்குள் நுழைந்ததும் நேராகப் போவது பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவது) பக்கம்தான். ஆனால் கூடைக்கு அடியில் எதிராளி முதுகை வைத்துத் தள்ளும்போது தாக்குப்பிடிப்பது தொடையும் இடுப்பும். அதனால் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) இரண்டையும் முதலில் வையுங்கள். அப்புறம் புல்-அப் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது), பிரஸ் (எடையைக் கைகளால் தள்ளுவது).

வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் போதும். ஒவ்வொரு பயிற்சியிலும் 3 செட் (சுற்று), செட்டுக்கு 6 முதல் 10 தடவை. இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்க முடியும் என்கிற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். மூன்று செட்டிலும் 10 வந்துவிட்டதா? அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றுங்கள்.

லே-அப்புக்கு, அதாவது ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் பந்தைப் போடுவதற்கு, எழும்புவது ஒற்றைக் காலில்தானே? பின்காலைப் பெஞ்சின் மேல் வைத்து, முன்காலால் உட்கார்ந்து எழும் ஸ்பிளிட் ஸ்குவாட் செய்யுங்கள். இறங்கும்போது முன் முழங்காலைப் பாருங்கள். அது உள்பக்கம் சாய்ந்தால் எடையைக் குறைத்துவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் அப்படிச் சாய்வதுதான் ஜவ்வு கிழிய ஒரு முக்கியக் காரணம்.

என்ன தூக்கினாலும் உடம்பு ஏறவில்லை என்பவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவதே குறைவு. மைதானத்தில் ஓடும் ஓட்டம் அத்தனையையும் எரித்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், அதாவது 70 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 112 கிராம்; நாலு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஷூட்டிங் பயிற்சியை முடித்துவிட்டு எடை தூக்குங்கள். களைத்த கையால் எறிந்தால் குறி தப்பும். போட்டிகள் நடக்கும் மாதங்களில் செட்டைப் பாதியாக்கலாம், எடையை மட்டும் குறைக்காதீர்கள்.