ட்ரெட்மில் காட்டும் கலோரியைத் தின்றுவிடாதீர்கள்

எடை குறைக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள் மாறுவதே இல்லை. குளிர்பானம், நொறுக்குத்தீனி பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

நடந்த கணக்கில் சாப்பிடுவது

பார்க்கப் பார்க்க எரிச்சல் தரும் தவறு இது. ஒரு மணி நேர நடை முடிகிறது, திரை 350 கலோரி என்கிறது, உடனே 'சம்பாதித்தாயிற்று' என்று கை உணவுக்குப் போகிறது.

70 கிலோ எடையுள்ளவர் சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 240 கிலோகலோரி (பேச்சுவழக்கில் 'கலோரி' என்பதும் இதுவே). சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 70 போயிருக்கும். நடையால் வந்த கூடுதல் செலவு 170தான். 30 கிராம் பாதாம் அதைச் சமன்செய்துவிடும். மனக்கணக்கு வேண்டுமானால், ஒரு கிலோமீட்டர் நடைக்குக் கூடுதல் செலவு, கிலோவில் உங்கள் எடை எவ்வளவோ அதில் பாதி கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியில் சாய்ந்து நடந்தால் செலவு இன்னும் குறையும். சாய்ந்தது இயந்திரத்துக்குத் தெரியாது. முழு எண்ணையே காட்டும்.

இதைவிட மோசம் இரட்டைக் கணக்கு. அன்றாடத் தேவையைக் கணக்கிடும்போது அடிப்படைச் செலவை, அதாவது ஓய்வில் உடல் செலவிடும் கலோரியை, மிதமாக உடற்பயிற்சி செய்பவருக்கான 1.55ஆல் பெருக்குகிறார்கள். 1,500 என்பது 2,325 ஆகிறது. உடற்பயிற்சி அதற்குள்ளேயே அடக்கம். பிறகு கைக்கடிகாரம் காட்டும் கலோரியையும் அதன்மேல் கூட்டினால் எடை எப்படிக் குறையும்? ஏதாவது ஒரு வழியைப் பிடியுங்கள்: ஒன்று, 1.55ஆல் பெருக்கிவிட்டுக் கடிகாரத்தை மறந்துவிடுங்கள், அல்லது உடற்பயிற்சியைச் சேர்க்காத 1.2ஆல் பெருக்கி, கடிகாரம் சொல்வதில் பாதியை மட்டும் கூட்டுங்கள். மூன்று நான்கு வாரமாகியும் சராசரி எடை அசையவில்லையென்றால் தினமும் 150–200 கிலோகலோரி குறைத்துப் பாருங்கள்.

'நல்ல உணவுக்கு அளவு எதற்கு?'

உணவின் தரம் முக்கியம்தான். அமெரிக்காவில் 20 பேரை வைத்து நடந்து, 2019இல் வெளியான ஆய்வில், மிகையாகப் பதப்படுத்திய உணவை இஷ்டம்போல் சாப்பிட்ட இரு வாரங்களில் அவர்கள், பதப்படுத்தாத உணவு உண்ட இரு வாரங்களைவிட நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி அதிகம் உண்டார்கள். எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. தரமான உணவு, நம்மை அறியாமலே அளவைக் குறைக்க உதவும். ஆனால் எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததானாலும் 15 மி.லி.க்கு 120 கிலோகலோரிதான். ஊற்றும் முன் அளந்துவிடுங்கள்.

முதல் வாரக் கொண்டாட்டம்

முதல் வாரம் குறைந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

'அப்படியானால் உடற்பயிற்சி வீண்'

இல்லை. எடையைக் குறைப்பதில் அதன் பங்கு சிறிது. குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வதில் பெரிது. வாரத்துக்கு 150–300 நிமிட மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை. எடைப் பயிற்சியும் போதிய புரதமும் இல்லாமல் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் எடுத்துக்கொள்ளலாம்.

தராசு

காலையில், கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள்.