நிறத்தை எண்ணாகக் கொடுங்கள்

பல்கலைக்கழக விழாவுக்குப் பதாகை அடிக்கக் கொடுக்கும்போது, வட்ஸ்அப்பில் வந்த இலச்சினைப் படத்தைக் காட்டி "இதே கலர்தான் அண்ணா" என்று சொல்லாதீர்கள். நிறத்தின் ஹெக்ஸ், ஆர்ஜிபி (இரண்டும் திரைக்கானவை), சிஎம்வைகே (அச்சுக்கானது) எண்களை ஒரு துண்டில் எழுதி, பிடிஎஃப் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் ஒட்டும் சுவரொட்டிக்கும் முகநூல் பதிவுக்கும் அதே துண்டுதான்.

போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு மையால் காட்டுகிறது. மெரூனையே எடுங்கள்: ஹெக்ஸ் 800000, ஆர்ஜிபி 128, 0, 0. சிஎம்வைகேயில் பெருமட்டாக 0, 100, 100, 50. கடைசி எண்ணான கறுப்பு கொஞ்சம் குறைந்தால் தக்காளிச் சிவப்பு, கூடினால் காய்ந்த புளி நிறம். கண்மட்டத்தில் கலந்தால் கடைக்குக் கடை மாறத்தான் செய்யும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது நிறமும் சற்று நகரும் என்பது வேறு.

பளபளப்பில்லாத சாதாரணத் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கலாக்கும்; அங்கே எண் சரியாக இருந்தாலும் ஒரு மாதிரிப் பிரதி எடுத்துப் பார்த்துவிட்டே மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். டீசேர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் இந்த எண்கள் உதவாது, மையைக் கையால் கலப்பார்கள். பான்டோன் (நிறங்களுக்கு இலக்கமிட்ட மாதிரிப் பட்டியல்) இலக்கமோ பழைய டீசேர்ட் ஒன்றோ கொண்டுபோங்கள். நிலாவெளி வீதியில் மாதக்கணக்கில் வெயில் குடித்த பதாகைக்கு எந்த எண்ணும் கைகொடுக்காது.