வாடகை வீட்டில் பிடெட் ஸ்ப்ரே (டாய்லெட்டில் கழுவும் கை ஸ்ப்ரே): சுவரில் ஓட்டை வேண்டாம்

ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, ஒருமுறை ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். டேங்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றி இடையில் ஒரு ‘டீ’ வால்வைப் பொருத்தினால், ஒரு வழி டேங்குக்கு, இன்னொன்று ஸ்ப்ரேவுக்கு. கழற்றும்போது கொஞ்சம் தண்ணீர் கொட்டும், கீழே ஒரு மக் வையுங்கள்.

ஒழுகல்தான் தலைவலி. நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். இருந்தால் டெஃப்லான் டேப் தேவையில்லை. வாஷர் இல்லாத மரைக்கு மட்டும், இறுகும் திசையிலேயே மூன்று சுற்று. பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டால் விரிசல் விடும். வால்வைத் திறந்ததும் இணைப்புகளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குப் படாத கசிவும் தெரிந்துவிடும்.

அப்புறம், ஒவ்வொரு முறையும் பயன்படுத்தி முடித்ததும் டீ வால்வில் ஸ்ப்ரேவுக்குப் போகும் வழியை மூடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். திறந்தே கிடந்தால் ஸ்ப்ரேயின் ஹோஸ் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும்; அது வெடித்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

ஸ்ப்ரேவை மாட்ட, டேங்கின் விளிம்பில் தொங்கும் கொக்கியே போதும். கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், வீட்டைக் காலி செய்யும்போது திரும்ப மாட்ட வேண்டும்.