கொடைக்கானலில் கால்ஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்ஃப் என்றால் பணக்காரர் ஆட்டம் என்று ஒதுங்கியே இருந்தவர்களுக்கும் கொடைக்கானல் போகும்போது ஒரு நாள் ஆடிப் பார்க்கும் ஆசை வருகிறது. நல்ல ஆசை. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கால்ஃப் கிளப்பில் உறுப்பினர் அல்லாதவரும் அன்றைய கட்டணத்தைச் செலுத்தி 18 குழிகளையும் ஆடலாம். ஆனால் யோசிக்காமல் கிளம்பினால் பணமும் பகலும் பாதி ஆட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

பலரும் மைதானக் கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். மட்டைப் பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளரான கேடிக்கான கூலியும் மட்டை வாடகையும் அங்கே போன பிறகுதான் தெரிய வருகின்றன. புறப்படும் முன் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். அன்று போட்டி ஏதும் நடக்கிறதா என்பதையும் சேர்த்து. விலை உயர்ந்த புதுப் பந்துகள் வேண்டாம். சரிவும் மரங்களுமாக இருக்கும் மலையில் நாலைந்தாவது தொலையும். பழைய பந்துகளே போதும். கேடி கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எந்தச் சரிவில் பந்து எப்படி உருளும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது நேரம். மதுரையிலிருந்து காலையில் கிளம்பி, மலையேறி, சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் ஆடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். 18 குழிகளுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் நூறு கஜத்துக்கு அப்பால் குழியைக் காட்டும் கொடிக்கம்பம்கூடத் தெரியாது. முந்தைய இரவே போய்த் தங்கி, காலை முதல் ஆளாக ஆடுங்கள். நேரம் குறைவென்றால் 9 குழிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். 2024 மே முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது காட்டெருமை விஷயம். இந்த மைதானத்தில் அவை சர்வசாதாரணமாக மேய்கின்றன. ஒரு காலையில், பனி விலகாத புல்வெளியில், கன்றோடு நின்ற ஒரு காட்டெருமைக்கு இருபதடி தூரத்தில் தன் பந்தைப் பார்த்த ஒருவர் மட்டையோடு நேராக நடந்தார். கேடி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். அது தலையைத் தூக்கி ஒரு முறை மூச்சை ஊதியதோடு சரி; நாங்கள் எல்லோரும் உறைந்து நின்றோம். ஆயிரம் கிலோ வரை வளரும் விலங்கு அது. பந்துக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை. கால்ஃப் விதி 16.2 இதற்காகவே இருக்கிறது: ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால், குழியை நெருங்காமல், பாதுகாப்பான இடத்தில் பந்தைப் போட்டு ஆடலாம், தண்டனையாக ஓர் அடி கணக்கில் சேராது. பந்தை நகர்த்திவிடாமல் அருகில் கிடக்கும் சாணத்தையும் அப்புறப்படுத்தலாம்.

ஊரில் அடிக்கும் தூரத்தை அப்படியே நம்புவதும் தவறு. கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால், 150 கஜம் போகும் அடி பத்து கஜம்வரை கூடுதலாகப் போய்ப் புதரில் விழலாம். வழக்கமானதைவிட ஒரு எண் கூடுதலான, அதாவது தூரம் குறைவாகப் போகும் மட்டையை எடுங்கள்.

விழுந்த பந்தைக் கால் மணி நேரம் தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. 2019 முதல் விதி அனுமதிப்பது 3 நிமிடம்தான். பந்து தொலைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால், 'இது தற்காலிகப் பந்து' என்று சொல்லிவிட்டு, தேடப் போகும் முன், முதல் பந்தை அடித்த இடத்திலிருந்தே இன்னொன்றை அடித்துவிடுங்கள். முதல் பந்து கிடைக்காவிட்டாலும் மேடேறித் திரும்பி வர வேண்டியதில்லை; பின்னால் வருகிறவர்களும் காத்திருக்க வேண்டியிருக்காது.